கன்றுக்கு எந்த மயக்க மருந்து? இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் முன்வைத்து ஓர் ஒப்பீடு

இரண்டு மாத வயதுள்ள ஜெர்சி கலப்பினக் கிடேரிக் கன்று, எடை ஏறத்தாழ 60 கிலோ, தொப்புளில் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டையின் வளையத்துக்குள் மூன்று விரல்கள் நுழைவதால், தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருப்பதில் இனிப் பயனில்லை. கன்றை மல்லாத்திக் கிடத்தி, முக்கால் மணி நேரம் வலியின்றி அசையாமல் வைத்திருந்தால்தான் வயிற்றுச் சுவரை ஒழுங்காகத் தைக்க முடியும். இதற்குச் சைலசின் என்ற அமைதியூட்டும் மருந்தும், வெட்டும் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மரப்பு ஊசியும் போதும் என்பார் ஒருவர். சைலசினுடன் கேட்டமின் என்ற மயக்க மருந்தைச் சேர்க்க வேண்டும் என்பார் மற்றொருவர். மிடசோலம் என்ற வேறோர் அமைதியூட்டியும் கேட்டமினும், ஐசோஃபுளூரேன் வாயு, முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசி என்று வேறு வழிகளும் உண்டு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, அவை கன்றின் இதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் என்ன செய்கின்றன என்ற ஒரே அளவுகோலை முதன்மையாகக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன். விலை, கிடைக்கும் வசதி, வழக்கம் ஆகியவை முடிவைப் பாதிக்காமல் போவதில்லை. ஆனால் மேசையில் கன்று இறக்கும்போது அது பெரும்பாலும் மயக்கம் போதாமல் இறப்பதில்லை, இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைந்தே இறக்கிறது.

முதலில் கன்றின் இதயத்தைப் பற்றி. பிறந்த சில நாள்களில் நிமிடத்துக்கு 100 முதல் 140 வரை துடிக்கும் இதயம், வளர வளர நிதானமடைந்து, முழு வளர்ச்சி அடைந்த மாட்டில் 60 முதல் 80 வரை வந்து நிற்கிறது. இளம் கன்றின் இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவைத் தேவைக்கேற்ப அதிகம் உயர்த்திக்கொள்ள இயலாதது. ஆகவே நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் உடலுக்குள் செல்கிறது என்பது பெரும்பகுதி துடிப்பின் எண்ணிக்கையையே சார்ந்திருக்கிறது. ஒரு மாட்டின் நாடி 70-லிருந்து 50-க்கு இறங்கினால், இதய அறைகள் கூடுதலாக நிரம்பி ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். கன்றின் நாடி 110-லிருந்து 60-க்கு இறங்கினால் அந்த ஈடு அவ்வளவாகக் கிடைக்காது. இரத்த அழுத்தம் குறைவதை உணர்ந்து இதயத்தைத் துரிதப்படுத்தும் நரம்பு அனிச்சையும் முதல் வாரங்களில் முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை. கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகமும் குறைவு.

இன்னொன்று மாட்டினத்துக்கே உரியது. மாடுகளின் நுரையீரல் தமனிகளில் தசை மிகுதி. ஆக்சிஜன் குறைந்தால் அவை மற்ற பல விலங்குகளினதைவிட வலுவாகச் சுருங்குகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிகளில் உயரமான மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டு செல்லப்படும் மாடுகளுக்கு நெஞ்சுப் பகுதி வீங்கி வலப்பக்க இதயம் செயலிழக்கும் நோய் வருவது இதனால்தான். மயக்கத்தில் கிடக்கும் கன்றும் ஆக்சிஜன் குறைந்த நிலையில், ஒரு வகையில், அந்த மலையுச்சிக்கே அனுப்பப்படுகிறது: நுரையீரல் தமனிகள் சுருங்குகின்றன, வலப்பக்க இதயத்தின் சுமை கூடுகிறது, இடப்பக்கத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. பிறந்து சில நாள்களே ஆன கன்றில், கருவில் இருந்த இதயத் திறப்புகள் முழுமையாக மூடியிராததால், நுரையீரல் பக்க அழுத்தம் கூடினால் ஆக்சிஜன் ஏறாத இரத்தம் நேரே உடலுக்குள் கலக்கவும் கூடும். எனவே கன்றுக்கான மயக்க மருந்தை எடைபோடும்போது நாடி, அழுத்தம் ஆகிய இரண்டோடு ஆக்சிஜனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை இங்கேயே தேவை. விரலால் தொட்டு உணரும் நாடி அழுத்தத்தைச் சொல்லும், ஓட்டத்தைச் சொல்லாது. குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும், குடம் நிரம்பத்தான் நேரமாகும். கீழே வரும் மருந்துகளில் ஒன்று குழாயின் வாயை அடைக்கும் வகை. மற்றொன்று அதை அகலத் திறந்துவிடும் வகை. முதலாவதில் நாடி நன்றாகத் தெறிப்பதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.

அந்த முதலாவது மருந்து சைலசின். 1962-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில், மனிதர்களின் இரத்தக் கொதிப்பைக் குறைப்பதற்கான மருந்தாக உருவாக்கப்பட்டு, பின்னர் கால்நடைகளுக்கு வந்து நிலைத்தது. நம் ஊர்ப் பக்கம் மருந்துப் பெட்டியில் வேறு எது இல்லாவிட்டாலும் இது இருக்கும். மாடுகள் இந்த மருந்துக்குக் குதிரைகளைவிடப் பத்து முதல் இருபது மடங்கு கூருணர்வு கொண்டவை: குதிரைக்குச் சிரை வழியாகக் கிலோ எடைக்கு 1.1 மில்லிகிராம் தரப்படும் இடத்தில், கன்றுக்கு 0.05 மில்லிகிராமே போதும். தசையில் என்றால் 0.1 மில்லிகிராம், கீழே படுக்க வைக்க வேண்டுமானால் 0.2 வரை. நம் 60 கிலோ கன்றுக்குச் சிரை வழி அளவு 3 மில்லிகிராம்தான். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் கொண்ட மருந்தானால் அது 0.15 மில்லி, 100 மில்லிகிராம் கொண்ட குதிரை மருந்தானால் 0.03 மில்லி. இந்தச் சொட்டளவை ஐந்து மில்லி ஊசிக்குழலில் கண்ணளவாக எடுப்பவர் இரண்டு மடங்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் கன்று பலவீனமானது என்பார். ஒரு மில்லி மருந்தை உப்புநீர் சேர்த்துப் பத்து மில்லியாக்கிவிட்டால், மில்லிக்கு 2 மில்லிகிராம் என்ற நிலையில் ஒன்றரை மில்லியைத் தெளிவாக அளந்து கொடுக்கலாம்.

சைலசின் உடலில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர்களில் உள்ள ஏற்பிகளைத் தூண்டி அவற்றைச் சுருக்குகிறது. அதனால் அழுத்தம் சிறிது நேரம் உயரவோ நிலைத்து நிற்கவோ செய்கிறது, அதை உணர்ந்த இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. மறுபக்கம், இதயத்தை முடுக்கிக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளின் தூண்டலை மூளையில் அடக்குகிறது; அதனால் குழாய்ச் சுருக்கம் தளர்ந்த பின்னும் நாடி மந்தமாகவே இருக்கிறது, அழுத்தமும் மெல்ல இறங்குகிறது. இந்த இரண்டின் கூட்டு விளைவாக இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. துடிப்பை நம்பி வாழும் கன்றுக்கு இது சிறிய இழப்பன்று. இதய மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின் தூண்டல் தாமதமாவதும், சில துடிப்புகள் விட்டுப்போவதும் உண்டு.

அதோடு நிற்பதில்லை. சைலசின் மூச்சைக் குறைக்கிறது. அசைபோடும் விலங்குகளின் நுரையீரலில் காற்றும் இரத்தமும் சந்திக்கும் பொருத்தத்தையும் கெடுக்கிறது. வெறும் காற்றைச் சுவாசித்தபடி மல்லாந்து கிடக்கும் கன்றின் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்குவது புதுமையன்று. செம்மறி ஆட்டில் இதே மருந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குப் போகக்கூடும். கன்றில் அவ்வளவு கடுமை இல்லையென்றாலும் திசை அதுவே. கணையம் இன்சுலின் சுரப்பதைத் தடுப்பதால் இரத்தச் சர்க்கரை உயர்ந்து, சிறுநீர் பெருகி, உடலின் நீர் கழிகிறது. முதல் வயிற்றின் அசைவு நின்று உப்புசம் சேர்கிறது. இவை யாவும் இரத்த ஓட்டத்தோடு தொடர்பற்ற தனிக் கணக்குகள் அல்ல. நீர் கழிவதும் வயிறு உப்புவதும் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தை மேலும் குறைக்கின்றன.

நாடி குறைந்துவிட்டது என்று, துடிப்பைக் கூட்டும் அட்ரோப்பின் போடலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். குழாய்கள் சுருங்கியிருக்கும் முதல் கட்டத்தில் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் அட்ரோப்பின் போட்டால், எண்ணிக்கை உயரும், அழுத்தமும் ஏறும். ஆனால் சுருங்கிய குழாய்களுக்கு எதிராக இதயத்தை அடித்துத் துரத்துவதாகவே அது அமையும். தசைக்குத் தேவையான ஆக்சிஜன் கூடும், வெளியேறும் இரத்தம் அந்த அளவுக்குக் கூடாது. உமிழ்நீரையும் அட்ரோப்பின் மாடுகளில் முழுமையாக நிறுத்துவதில்லை. கெட்டியாக்கி மூச்சுக் குழலில் ஒட்டச் செய்கிறது. குடலசைவையும் நிறுத்திவிடுகிறது. ஆகவே சைலசினுக்கு முன்னெச்சரிக்கையாக எல்லாக் கன்றுக்கும் அட்ரோப்பின் போடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அழுத்தமும் குறைந்து நாடியும் குறைந்திருக்கும் பிற்கட்டத்தில் அதற்கு இடமுண்டு. அப்போதும் சைலசினையே மாற்று மருந்தால் முறிப்பது நேரான வழி.

சைலசினோடு கேட்டமினைச் சேர்ப்பது பரவலான முறை. கேட்டமினின் பிறப்பும் 1962-தான், அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் ஆய்வகத்தில். மற்ற மயக்க மருந்துகள் பரிவு நரம்புகளை அடக்க, இது மட்டும் அவற்றைத் தூண்டிவிடுகிறது; நாடியும் அழுத்தமும் இதய வெளியேற்றமும் உயர்கின்றன. எனவே சைலசின் இறக்கிய நாடியை அது ஓரளவு தூக்கி நிறுத்துகிறது. சைலசின் கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்துக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கேட்டமின், அதாவது நம் கன்றுக்கு 120 மில்லிகிராம், சிரை வழியாகக் கொடுத்தால் 15 முதல் 20 நிமிடம் வேலை செய்யலாம். பிறகு பாதியளவு மீண்டும். அழுத்தமானியில் இந்தக் கூட்டு அழகாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகிறது: குழாய்ச் சுருக்கம் அப்படியே இருக்க, அதற்கு எதிராக இதயம் வேகமாக உழைக்கிறது. ஆக்சிஜன் குறைவும் அப்படியே இருக்கிறது. நலமான, நன்கு வளர்ந்த கன்று இதைத் தாங்கிக்கொள்ளும். மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவில் ஆக்சிஜன் விட்டால் இன்னும் எளிதாகத் தாங்கும்.

கேட்டமினின் மறுமுகத்தையும் சொல்லியாக வேண்டும். நரம்புகளின் வழியாக அது இதயத்தைத் தூண்டினாலும், நேரடியாக இதயத் தசையின் மீது அதன் செயல் தளர்த்துவதே. பல நாள்கள் கழிச்சலில் கிடந்து, நோயோடு போராடி, உடலின் அட்ரினலின் இருப்பு வற்றிய கன்றில் தூண்டல் கைகொடுக்காமல் தளர்வு மட்டும் வெளிப்படும். கேட்டமின் இதயத்துக்கு எப்போதும் பாதுகாப்பானது என்ற பொதுவான நம்பிக்கை நலமான விலங்குகளைப் பார்த்து எழுந்தது. ஆயினும் நோயுற்ற கன்றிலும் கிடைக்கும் மருந்துகளுக்குள் ஒப்பிட்டால், அளவைக் குறைத்து மெல்லக் கொடுக்கும் கேட்டமின் மற்றவற்றைவிடத் தேவலாம் என்பதே என் கணிப்பு.

சைலசினின் இடத்தில் மிடசோலத்தையோ டயசிபாமையோ வைத்தால் படம் மாறுகிறது. கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் மிடசோலம், அதோடு 4 மில்லிகிராம் கேட்டமின். நம் கன்றுக்கு 6 முதல் 12 மில்லிகிராமும் 240 மில்லிகிராமும் ஆகும். இந்த வகை மருந்துகள் குழாய்களைச் சுருக்குவதும் இல்லை, துடிப்பை மந்தப்படுத்துவதும் இல்லை. தசையைத் தளர்த்தி அமைதிப்படுத்துகின்றன, கேட்டமினின் விறைப்பை அடக்குகின்றன. நாடி, அழுத்தம், வெளியேற்றம் மூன்றும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கின்றன. குறை என்னவென்றால், வலியைப் போக்கும் குணம் இவற்றுக்கு இல்லை. சைலசினுக்கு அது உண்டு. வயிற்றுச் சுவரில் கத்தி வைக்க வேண்டுமானால், இந்தக் கூட்டோடு மரப்பு ஊசியைத் தவறாமல் சேர்த்தாக வேண்டும். அப்படிச் சேர்த்துவிட்டால், ஒரு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வாயு மயக்கம் இல்லாத இடத்தில் என் முதல் தேர்வு இதுவே.

மிடசோலம் நீரில் கரைவது. டயசிபாம் புரோப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பானில் வருகிறது. இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கரைப்பானைச் சிரை வழியாக விரைவாகச் செலுத்தினால், கன்றுகளில் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறி, உடல் இரத்த அழுத்தம் சரிந்து, நாடி தளர்வது ஆய்வுகளில் பார்க்கப்பட்டது. டயசிபாமின் சிறு அளவில் ஆபத்து சிறிதே, மெல்லக் கொடுத்தால் போதும். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: இதே கரைப்பானில் வரும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி ஊசியை, மயக்கத்தில் கிடக்கும் கன்றுக்குச் சிரையில் ஒரே மூச்சில் ஏற்றுவது. கன்று அப்படியே சரிந்துவிடும். பழி மயக்க மருந்தின் மேல் விழும். அந்த மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து மெல்லக் கொடுக்கலாம், அல்லது கன்று எழுந்த பிறகு கொடுக்கலாம்.

சிரை வழியாகத் தரும் மயக்க மருந்துகளான புரோப்போஃபாலையும் தயோபென்டோனையும் விரைவாகக் கடந்துவிடலாம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் புரோப்போஃபால், நம் கன்றுக்கு 30 மில்லி, அமைதியான உறக்கத்தையும் விரைவான எழுச்சியையும் தரும். ஆனால் குழாய்களை விரித்து, இதயத் தசையைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்கும். விரைவாகக் கொடுத்தால் மூச்சும் நிற்கும். மூச்சுக் குழலில் குழாய் போட வசதியில்லாத இடத்தில் அது வேண்டாம். தயோபென்டோன் இதயத்தைத் தளர்த்துவதோடு, கொழுப்பு குறைந்த இளங்கன்றில் உறக்கத்தை நெடுநேரம் நீட்டிக்கிறது. சிரைக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகும். இன்று கன்றுக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஐசோஃபுளூரேன் குழாயின் வாயை அகலத் திறந்துவிடும் வகை. மயக்கம் ஆழமாக ஆழமாக இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் அதே அளவில் இறங்குகிறது. ஆனால் நாடி குறைவதில்லை, பெரும்பாலும் சற்று உயர்கிறது. இலேசான ஆழத்தில் இதய வெளியேற்றம் ஏறத்தாழ காக்கப்படுகிறது. பழைய மயக்க வாயுவான ஹாலோத்தேன் இதற்கு நேர்மாறு: அது இதயத் தசையையே தளர்த்தி வெளியேற்றத்தைக் குறைக்கிறது, அட்ரினலினுக்கு இதயத்தைக் கூருணர்வுள்ளதாக்கி ஒழுங்கற்ற துடிப்புகளைக் கிளப்புகிறது. இரண்டிலும் அழுத்தம் ஒரே எண்ணைக் காட்டினாலும், ஐசோஃபுளூரேனில் உறுப்புகளுக்குப் போகும் இரத்தம் அதிகம். ஐசோஃபுளூரேனின் மற்றொரு பெரிய நன்மை, அது ஆக்சிஜனோடு சேர்ந்தே உள்ளே போகிறது என்பது; மாட்டினத்தின் நுரையீரல் தமனிச் சுருக்கத்துக்கு அதுவே முதல் மருந்து. மயக்கம் அதிகமானால் ஒரு திருகைத் திருப்பிக் குறைக்கலாம். ஊசியில் போட்டுவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கன்றுகளுக்கு வாயு மயக்கம் தருவதில் சேர்ந்த அனுபவத்தில் கணிசமான பகுதி, மாட்டுப் பண்ணைகளிலிருந்து வராமல் செயற்கை இதய ஆய்வகங்களிலிருந்து வந்தது. 1982 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மனிதருக்கு ஜார்விக்-7 செயற்கை இதயம் பொருத்தப்படுவதற்கு முன், அங்கே அதைத் தாங்கி வாழ்ந்தவை கன்றுகளே. நெஞ்சின் அளவு மனிதருக்குப் பொருந்தும் என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தனர். அப்படிப்பட்ட ஆய்வகங்களில் கன்றுகள் நலமானவை, நன்கு ஊட்டப்பட்டவை, தமனியில் குழாய் செருகிக் கண்காணிக்கப்பட்டவை. அங்கே கண்ட எண்களைத் தொப்புள் சீழ்பிடித்து, காய்ச்சலோடு வந்திருக்கும் கன்றுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறான நம்பிக்கையைத் தரும். இந்த எச்சரிக்கை எல்லா மருந்துகளுக்கும் பொருந்தும்.

முதுகுத்தண்டின் இடுப்பு-திரிக இணைப்பில், அதாவது இடுப்பு முள்ளெலும்புகள் வாலுக்கு முந்தைய எலும்போடு சேரும் இடத்தில், லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துவது, இயந்திரம் இல்லாத இடத்தில் இதயத்துக்கு நேரடித் தொந்தரவில்லாத வழியாகத் தோன்றும். கிலோவுக்கு 0.2 மில்லி என்ற கணக்கில் 2 விழுக்காடு லிக்னோகெயின் 12 மில்லி கொடுத்தால், தொப்புள் வரை உணர்வு மறையும். கன்று விழித்திருக்கும், மூச்சும் தன்னியல்பில் நடக்கும். ஆனால் மருந்து ஏறிய பகுதியில் உணர்வு நரம்புகளோடு பரிவு நரம்புகளும் மரத்துப் போகின்றன. பின்கால்களிலும் வயிற்றிலும் குழாய்கள் தளர்ந்து இரத்தம் தேங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. நலமான கன்றின் முன்பாதிக் குழாய்கள் சுருங்கி ஈடுசெய்யும். நீர்ச்சத்து இழந்த கன்றில் அந்த ஈடு போதாது. ஊசிக்கு முன்னரே கிலோவுக்கு 10 மில்லி அளவில் ரிங்கர் லாக்டேட் என்ற திரவத்தைச் சிரையில் ஏற்றியாக வேண்டும். லிக்னோகெயினுக்குப் பதிலாகச் சைலசினை அதே இடத்தில் போடுபவர்கள் உண்டு. அங்கிருந்தும் அது இரத்தத்தில் ஏறி, நாடியையும் அழுத்தத்தையும் இறக்கவே செய்யும் என்பதை மறக்கலாகாது. பின்கால்கள் இரண்டு மணி நேரம் வரை தள்ளாடும் என்பதால், வழுக்காத தரையில் கன்றைக் காவலோடு வைத்திருக்க வேண்டும்.

வெட்டும் இடத்தைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி எந்த முறையோடும் சேரக்கூடியது, சேர வேண்டியது. வலி இல்லாவிட்டால் மற்ற மருந்துகளின் அளவைக் குறைக்கலாம்; குறைந்த அளவே இதயத்துக்குச் சிறந்த பாதுகாப்பு. ஆனால் பெரிய மாட்டுக்குப் பழகிய கை, கன்றிலும் நாற்பது மில்லி ஏற்றிவிடும். கிலோவுக்கு 5 மில்லிகிராமை எல்லையாகக் கொண்டால், 60 கிலோ கன்றுக்கு 300 மில்லிகிராம். 2 விழுக்காட்டில் 15 மில்லி. அதைச் சம அளவு உப்புநீரோடு கலந்து 30 மில்லியாக்கினால், தேவையான இடமெல்லாம் போட்டுவிடலாம். எல்லையை மீறினால் முதலில் சோர்வு, பிறகு தசைத் துடிப்பு, வலிப்பு, கடைசியில் அழுத்தம் சரிந்து இதயம் நிற்பது என்ற வரிசையில் நஞ்சு வெளிப்படும். மயக்கத்தில் இருக்கும் கன்றில் முன் அறிகுறிகள் மறைந்து கடைசி மட்டுமே தெரியும். முதுகுத்தண்டில் 12 மில்லி போட்டவருக்குச் சுற்றிலும் போட மீதமிருப்பது 3 மில்லிதான் என்ற கூட்டல் கணக்கும் நினைவில் இருக்கட்டும். ப்யூபிவகெயின் என்ற மற்றொரு மரப்பு மருந்து நெடுநேரம் நிற்கும் என்றாலும் இதயத்துக்கு அது லிக்னோகெயினைவிடக் கடுமையானது. சிரைக்குள் போய்விட்டால் மீட்பது அரிது.

மருந்து எதுவானாலும், மல்லாத்திக் கிடத்துவதே ஒரு தனி மருந்தைப் போல வேலை செய்கிறது. வயிற்றின் பாரம் உதரவிதானத்தையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் அழுத்த, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. பால் குடிக்கும் கன்றில் முதல் வயிறு சிறியது. தீவனம் தின்னத் தொடங்கிய கன்றில் அது வளர்ந்துகொண்டே போகும். அதற்காக இளங்கன்றை நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் சரியன்று: ஒரு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குச் சில மணி நேரம் பாலை நிறுத்தினால் போதும், நீண்டால் இரத்தச் சர்க்கரை சரியும். வளர்ந்த மாடுகளில் நெடும் பட்டினியே நாடியை மந்தப்படுத்தும் என்பதும் தெரிந்ததே. அதன் மேல் சைலசினையும் போட்டால் இரண்டும் ஒன்றாய்ச் சேரும்.

இதுவரை சொன்ன தரவரிசை நலமான கன்றுக்கானது. கழிச்சலோடு வரும் கன்றில் கணக்கு தலைகீழாகிறது. இரத்தத்தில் அமிலம் மிகுந்து, பொட்டாசியம் செல்களிலிருந்து வெளியேறி உயரும்போது இதயம் மந்தமாகிறது. மேலறைகள் அசையாமல் போவதும் உண்டு. காதும் கால்களும் சில்லிட்டு, கண்கள் குழிந்து, நாடி மட்டும் 70 என்று நிதானமாக இருக்கும் கன்றைப் பார்த்து ‘நாடி நன்றாக இருக்கிறது’ என்பவர் ஆபத்தைத் தவறவிடுகிறார். அந்த வயதில், அந்த நீர்ச்சத்துக் குறைவில், இதயம் 130-க்கு மேல் ஓட வேண்டும். அந்தக் கன்றுக்குச் சைலசின் சிறிய அளவிலும் தகாது. அறுவையைத் தள்ளிப்போட்டு, திரவமும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றி, இரத்த ஓட்டம் நிலைத்த பின்பே மயக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குடல் சிக்கிக்கொண்டு தள்ளிப்போட முடியாத நிலையானால், திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிடசோலமும் குறைந்த அளவு கேட்டமினும் சுற்று மரப்பு ஊசியும் மட்டும்.

நாம் எடுத்துக்கொண்ட கிடேரிக் கன்றோ நலமானது. வாயு மயக்க இயந்திரம் உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால், மிடசோலமும் கேட்டமினும் கொடுத்து மூச்சுக் குழலில் குழாய் போட்டு, இலேசான ஐசோஃபுளூரேனோடு மரப்பு ஊசியும் சேர்ப்பதே எனக்கு உகந்தது. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில், ஆக்சிஜன் உருளை ஒன்றேனும் இருந்தால், சிரை வழி 0.05 மில்லிகிராம் சைலசின், 2 மில்லிகிராம் கேட்டமின், அளந்த லிக்னோகெயின் என்ற முறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆக்சிஜனும் இல்லை, சைலசினை முறிக்கும் மருந்தும் இல்லை என்றால் மிடசோலம்-கேட்டமின் பக்கமே சாய்வேன். கேட்டமின் இந்தியாவில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால், பூட்டி வைத்துப் பதிவேடு எழுத வேண்டிய சுமை உண்டு. சிறு மருந்தகங்களில் அது இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். அப்போது எஞ்சுவது சைலசினும் மரப்பு ஊசியும்தான். அந்த நிலையில் சைலசினைக் கூட்டிக் கன்றை அடக்குவதைவிட, மரப்பு ஊசியைப் பொறுமையாகப் போட்டு, கன்றைப் பிடிக்க இன்னொருவரைக் கூப்பிடுவது மேல்.

அறுவையின்போது ஈறின் நிறம், அழுத்திவிட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்புதல், காதின் தமனியில் நாடி, நாக்கில் பொருத்திய ஆக்சிஜன் அளவி ஆகிய நான்கும் போதுமான துணைகள். அளவி 90-க்குக் கீழ் காட்டினால் ஆக்சிஜன் அப்போதே தேவை. சராசரி அழுத்தம் 60 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால், முதலில் வாயுவைக் குறைத்து, பிறகு திரவத்தைக் கூட்டி, அதற்கும் மசியாவிட்டால் இதயத்தின் உந்துதலைக் கூட்டும் டோபுடமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று தொடங்கலாம். 50 மில்லிகிராமை 500 மில்லி உப்புநீரில் கலந்தால், 60 கிலோ கன்றுக்கு நுண்சொட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 36 சொட்டு என்று கணக்கு வரும்.

சைலசினை முறிக்க டோலசோலின், அட்டிபமிசோல், யோஹிம்பின் ஆகியவை உள்ளன. மாடுகளில் யோஹிம்பின் மற்ற இரண்டைப் போல உறுதியாக வேலை செய்வதில்லை. எதையும் சிரையில் விரைந்து செலுத்தக் கூடாது: சுருங்கியிருந்த குழாய்கள் திடீரென விரிய அழுத்தம் சரியும், டோலசோலினை அவசரமாக ஏற்றியதால் மாடுகள் இறந்ததும் உண்டு. தசையில் போடுவது பாதுகாப்பானது. கேட்டமின் கொடுத்து அரை மணி நேரம் ஆகும் முன் முறித்தால், கன்று கேட்டமினின் விறைப்பிலும் மிரட்சியிலும் விழித்துத் துள்ளும். தையலும் இதயமும் இரண்டுமே அதைத் தாங்க வேண்டியிருக்கும். முறிப்பதோடு சைலசின் தந்த வலி நிவாரணமும் போய்விடுவதால், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மெலாக்சிகாம் என்ற வலிநீக்கி முன்னதாகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நீர்ச்சத்துக் குறைந்து அழுத்தம் தாழ்ந்திருந்த கன்றாயிருந்தால் மட்டும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது மேலும் குறைக்கும் என்பதால், திரவம் ஏற்றிக் கன்று சிறுநீர் கழிப்பதைப் பார்த்த பிறகு அதைக் கொடுக்கலாம்.